இடுப்பு சின்னதா, தலை பெருசா?

"இடுப்பெலும்பு சின்னதாம், குழந்தை தலை இறங்கலையாம், அதான் ஆபரேஷன் பண்ணிட்டாங்க." தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் குறைவு. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியா முழுக்க சிசேரியன் 21.5 சதவீதம், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. அந்தப் பாதியில் எல்லாவற்றுக்கும் காரணம் இடுப்பு இல்லை. ஆனால் காரணம் கேட்டால் வீட்டில் அடிக்கடி சொல்லப்படுவது இதுதான். ஃபைலில் "சிபிடி" என்று மூன்றெழுத்தில் எழுதியிருக்கும். தலைக்கும் இடுப்புக்கும் பொருந்தவில்லை என்பது அதன் அர்த்தம்.

இந்த வாக்கியத்தைக் கேட்கும்போது நம் மனசில் வருகிற படம் என்ன? ஒரு வாசல், அதைவிடப் பெரிய ஒரு பீரோ. அளந்து பார்த்தால் தெரிந்துவிடும், நுழையாது. அந்தப் பெண்ணும் அப்படித்தான் புரிந்துகொள்கிறாள்: "என் உடம்பு பிரசவத்துக்கு லாயக்கில்லை." அடுத்த குழந்தை வரும்போதும் அந்த எண்ணம் கூடவே வரும்.

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை. நான் டாக்டர் இல்லை, இது சிகிச்சை ஆலோசனையும் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாகிறது. வாசலும் பீரோவும் என்கிற அந்தப் படமே சரியில்லை. இதைவிட நல்ல உதாரணம், திருப்பமுள்ள குறுகலான மாடிப்படியில் கட்டிலை ஏற்றுவது. ஒரு கோணத்தில் பிடித்தால் நகராது. சாய்த்து, திருப்பி, இன்னொரு கோணத்தில் பிடித்தால் அதே கட்டில் அதே படியில் போய்விடும். கட்டிலின் அளவும் மாறவில்லை, படியின் அளவும் மாறவில்லை.

படிக்கட்டு எப்படி இருக்கிறது?

இடுப்புக்கூடு ஒரே எலும்பு இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு பெரிய எலும்புகள், பின்னால் முதுகுத்தண்டின் அடியில் முக்கோண வடிவத்தில் திரிக எலும்பு, அதற்கும் கீழே வால் எலும்பு. முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்தில் குருத்தெலும்பு. பின்பக்க மூட்டுகளைத் தசைநார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. கர்ப்பகாலத்தில் ஹார்மோன்களால் இந்த நார்கள் தளர்கின்றன. ஏழு, எட்டு மாசத்தில் நடக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிற மாதிரி வலிப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

இந்தக் கூட்டுக்குள்ளே இருக்கும் பாதைதான் குழந்தை வரும் வழி. அது நேரான குழாய் இல்லை. மேல்வாய், நடுப்பகுதி, கீழ்வாய் என்று மூன்று மட்டங்கள். பாடப்புத்தகம் சொல்லும் சராசரி அளவுகளைப் பாருங்க. மேல்வாயில் இடவலமாகச் சுமார் 13 சென்டிமீட்டர், முன்பின்னாக 11. கீழ்வாய்க்கு வந்தால் இது தலைகீழ்: இடவலம் சுமார் 11, வால் எலும்பு பின்னால் நகர்ந்து கொடுக்கும்போது முன்பின் 13 வரை. நடுவில் இரண்டு பக்கமும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைகள். அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 10 முதல் 10.5. பாதையின் மிகக் குறுகலான இடம் இதுதான். "தலை எவ்வளவு இறங்கியிருக்கு" என்று டாக்டர் பரிசோதித்துச் சொல்வது இந்த முனைகளை வைத்துத்தான்.

ஆக, மேலே அகலம் ஒரு திசையில், கீழே இன்னொரு திசையில். போதாததற்குப் பாதை முன்பக்கமாக வளைகிறது. நேராக இறங்கினால் வேலைக்காகாது, திரும்பியே ஆகவேண்டும்.

தலைக்கு ஒரே அளவு இல்லை

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்த பகுதி இது. குழந்தையின் தலை பந்து மாதிரி உருண்டை இல்லை, முட்டை மாதிரி. எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது என்பதைப் பொறுத்து அதே தலைக்கு வெவ்வேறு அளவு.

தாடையை நெஞ்சோடு ஒட்டி நன்றாகக் குனிந்திருந்தால், பாதையைச் சந்திக்கும் முன்பின் அளவு சுமார் 9.5 சென்டிமீட்டர். குனியாமல் நிமிர்ந்து, பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி இருந்தால் 11.5. இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நெற்றி முன்னால் வந்தால் சுமார் 13.5. நெற்றி இப்படியே நின்றுவிட்டால் பூரண வளர்ச்சி பெற்ற குழந்தை கீழ்வழியாக வருவது அநேகமாக முடியாது. வேடிக்கை என்னவென்றால், அதையும் தாண்டி முழுசாகப் பின்னால் சாய்ந்து முகமே முன்னால் வந்தால், அளவு மறுபடி 9.5-க்கு அருகில் வந்துவிடுகிறது. தாடை அம்மாவின் முன்பக்கம் இருந்தால் முகம் முதலில் வந்து பிறக்கும் குழந்தைகளும் உண்டு.

அதே குழந்தை, அதே தலை. கழுத்தின் சாய்வு மாறியதும் நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். "தலை பெருசு" என்று சொல்வதற்கு முன்னால் "எந்தப் பக்கம் பெருசு" என்று கேட்கவேண்டி இருக்கிறது.

இதோடு இன்னொரு வசதி, மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை. நடுவில் பொருத்துகள், மேலே உச்சிக்குழி. நெருக்கும்போது எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறித் தலை நீள்கிறது. பிறந்தவுடன் சில குழந்தைகளின் தலை கூம்பு மாதிரி இருப்பதும் சில நாளில் சரியாவதும் இதனால்தான்.

திரும்பித் திரும்பி வருகிற பயணம்

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். மேல்வாயில் இடவலம்தான் அகலம் என்பதால் பெரும்பாலான குழந்தைகள் அம்மாவின் ஒரு பக்கத்தைப் பார்த்தபடி உள்ளே நுழைகின்றன. வலி தள்ளத் தள்ள, கீழேயுள்ள எதிர்ப்பில் தாடை நெஞ்சோடு அழுந்தித் தலை இன்னும் குனிகிறது. இடுப்பின் அடித்தளத்தில் தசைகள் தூளி மாதிரி, முன்பக்கம் சரிந்து கிடக்கின்றன. குனிந்த தலையின் பிடரி முதலில் அதில் போய் மோதி, சரிவில் வழுக்கி முன்பக்கம் திரும்புகிறது. பிடரி முன்பக்க எலும்பின் வளைவுக்கு அடியில் வந்து நின்றதும், தலை நிமிர்கிறது. நெற்றி, மூக்கு, தாடை என்று வரிசையாக வெளியே வருகிறது. பிறகு தலை மறுபடி பக்கவாட்டில் திரும்ப, உள்ளே தோள்கள் முன்பின்னாகத் திரும்பி ஒவ்வொன்றாக வருகின்றன.

இவ்வளவுக்கும் குழந்தை குனிய வேண்டும், தசை இழுவிசையோடு இருக்கவேண்டும், வலி பலமாக இருக்கவேண்டும், இடுப்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இதில் எது தடுமாறினாலும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: "தலை இறங்கலை."

முகம் மேலே பார்த்திருந்தால்

தலைதான் கீழே இருக்கிறது, ஆனால் பிடரி முன்னால் வராமல் அம்மாவின் முதுகெலும்புப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா மல்லாந்து படுத்தால் குழந்தையின் முகம் மேலே பார்க்கும். இந்த நிலையில் தலை நன்றாகக் குனிவது கஷ்டம். அதனால் 9.5-க்குப் பதில் 11 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு அளவு பாதையைச் சந்திக்கிறது. வலி முதுகிலேயே நிற்பதாகப் பல பெண்கள் சொல்வார்கள். நேரம் நீள்கிறது. ஆயுதம் போட்டு எடுப்பதோ ஆபரேஷனோ தேவைப்படும் வாய்ப்பும், ஆழமாகக் கிழியும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆனால் இது ஆரம்பத்தில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வலி தொடங்கும்போது சுமார் 15 முதல் 30 சதவீதக் குழந்தைகள் இப்படி இருக்கும். பிறக்கும்போது சுமார் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் வழியிலேயே திரும்பிவிடுகின்றன. பிரசவத்தின்போது திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2005-ல் வந்தது. கடைசிக் கட்டம் வரை குழந்தைகள் பக்கம் மாறிக்கொண்டே இருந்தன, ஆரம்ப நிலையை வைத்து முடிவைச் சொல்ல முடியவில்லை என்பது அதன் சாரம்.

தலையே கீழே இல்லாதது வேறு கதை. நிறைமாசத்தில் 3 முதல் 4 சதவீதக் குழந்தைகளுக்குப் புட்டமோ காலோ கீழே இருக்கும். குறுக்கே கிடப்பது இன்னும் அரிது. குறுக்கே கிடந்தால் இடுப்பு எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை, குழந்தையைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஆபரேஷன்தான். புட்டம் கீழே இருக்கும் குழந்தையை வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பும் முறை உண்டு. தகுந்தவர்கள் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது.

நாலு வகை இடுப்பு என்ற கதை

1933-ல் கால்ட்வெல், மொலாய் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் பெண்களின் இடுப்பை நாலு வகையாகப் பிரித்தார்கள். வட்டமானது, இதய வடிவில் ஆண் இடுப்பைப் போன்றது, முன்பின் நீண்டது, இடவலம் அகன்று தட்டையானது. வட்டமானதற்குப் "பெண்ணிய இடுப்பு" என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். அதாவது அதுதான் சரியானது, மற்றவையெல்லாம் விலகல். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இந்த நாலு படமும் இருக்கிறது.

லியா பெட்டி, ஆண்ட்ரியா மனிகா என்ற ஆய்வாளர்கள் 2018-ல் உலகின் 24 இடங்களைச் சேர்ந்த 348 பெண் எலும்புக்கூடுகளை அளந்து பார்த்தார்கள். வடிவம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கப் பெண்களுக்குப் பாதை முன்பின் நீளம், அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களுக்கு இடவலம் அகலம். ஒரே இடத்துக்குள்ளேயும் நிறைய வித்தியாசம். பாதையின் வடிவம் மாறினால் குழந்தை திரும்பும் விதமும் மாறத்தானே செய்யும்? முன்பின் நீண்ட இடுப்பில் முகம் மேலே பார்த்தபடி பிறப்பது அவ்வளவு சிரமமாக இருக்காது. ஐரோப்பியப் பெண்களை வைத்து எழுதிய வழிதான் "நார்மல்", மற்றதெல்லாம் கோளாறு என்று எடுத்துக்கொண்டால் தப்புக் கணக்கு ஆகிவிடும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

நிஜமாகவே குறுகலான இடுப்பு

அப்படியென்றால் சிபிடி என்பதே பொய்யா? இல்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் வெயில் படாமல், சத்தில்லாமல் வளர்ந்த பெண் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்து இடுப்பெலும்பு நசுங்கிப்போனது. பிரசவ மருத்துவத்தில் இடுப்பை அளக்கும் பழக்கம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். 1752-ல் தன் நூலை வெளியிட்ட வில்லியம் ஸ்மெல்லி, இடுப்பு அளவுகளையும் குழந்தை திரும்பி வரும் விதத்தையும் கவனமாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர். அவர்கள் பார்த்தது உண்மையான குறுகல்.

இன்றும் விபத்தில் இடுப்பு முறிந்தவர்களுக்கும், போலியோவால் இடுப்பு கோணியவர்களுக்கும் இது நிஜமான பிரச்சினை. பதினைந்து, பதினாறு வயதில் கர்ப்பமாகும் பெண்ணுக்கு இடுப்பு இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. குழந்தைத் திருமணத்தின் விலை இங்கேயும் தெரிகிறது. தலை மாட்டி, ஆபரேஷன் வசதியும் இல்லாமல் நாள்கணக்கில் வலி நீண்டால், குழந்தை இறக்கலாம், தாயும் இறக்கலாம். பிழைத்தால் அழுத்தத்தில் சதை அழுகி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்து, ஆயுசுக்கும் சிறுநீர் ஒழுகும் நிலை வரும். இப்படிப்பட்ட பெண்களுக்காகவே ஹேம்லின் தம்பதியர் 1974-ல் அடிஸ் அபாபாவில் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். சரியான நேரத்தில் செய்யும் சிசேரியன் என்ன கொடுமையைத் தடுக்கிறது என்று அங்கே பார்த்தால் புரியும்.

முன்கூட்டியே அளக்க முடியாதா?

எக்ஸ்ரே எடுத்து இடுப்பை அளக்கும் வழக்கம் ரொம்ப நாள் இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி அளந்த இடங்களில் சிசேரியன் கூடியது, தாய்க்கோ சேய்க்கோ நன்மை கூடியதாக நிரூபணமில்லை. உயரம், காலின் அளவு இவற்றை வைத்துக் கணிப்பதும் நம்பகமாக இல்லை. ஸ்கேனில் சொல்லும் குழந்தை எடையே 10, 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். காரணம் எளிது. இடுப்பு தரும் நெகிழ்வையும், தலை குனிவதையும், திரும்புவதையும் எந்த எக்ஸ்ரேயும் முன்னாடியே காட்டாது. பெரும்பாலான பெண்களுக்குப் பொருந்துமா இல்லையா என்பது வலி வந்து, நேரம் கொடுத்த பிறகுதான் தெரியும்.

எவ்வளவு நேரம்? 1955-ல் இம்மானுவேல் ஃப்ரீட்மன் முதல் பிரசவக்காரர்கள் 500 பேரைப் பார்த்து ஒரு வரைகோடு போட்டார். மணிக்கு இவ்வளவு திறக்கவேண்டும் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. 2010-ல் ஜுன் ஜாங் குழுவினர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தபோது, 4-லிருந்து 5 சென்டிமீட்டர் திறக்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நல்லபடியாகப் பெற்றவர்களும் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் 5 சென்டிமீட்டரிலிருந்துதான் வேகமான கட்டம் என்று மாற்றியது. மணிக்கு 1 சென்டிமீட்டர் என்பதை மட்டும் வைத்துத் தலையிடக்கூடாது என்றும் சொன்னது. தாயும் சேயும் நலமாக இருக்கும்போது 4 சென்டிமீட்டரில் "இடுப்பு பத்தலை" என்று முடிவு கட்டினால், கட்டிலைப் படிக்கட்டின் முதல் திருப்பத்துக்கே கொண்டுபோகாமல் சொல்வது மாதிரி.

உட்கார்வதும் நடப்பதும் உதவுமா?

கொஞ்சம் உதவும். கர்ப்பமில்லாத 35 பெண்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த 2002 ஆய்வில், மல்லாந்து படுப்பதைவிடக் குந்தும்போதும் முட்டிபோட்டுக் கையூன்றும்போதும் நடுப்பகுதி சுமார் அரை சென்டிமீட்டர் அகன்றது. வலியின் ஆரம்பக் கட்டத்தில் நடமாடுபவர்களுக்கு அந்தக் கட்டம் சுருங்குகிறது என்றும் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் இதை மந்திரமாக்கவும் கூடாது. கடைசி வாரங்களில் தினமும் முட்டிபோட்டுக் கையூன்றினால் குழந்தை திரும்பிவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் 2,500-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள், பிறக்கும்போதுள்ள நிலையில் வித்தியாசமில்லை. முதுகில் வலிமரப்பு ஊசி போட்ட முதல் பிரசவக்காரர்களுக்கு நிமிர்ந்திருப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பதுதான் பலன் தந்தது என்று 2017-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது: தானாகப் பிறந்தது 41 சதவீதம், நிமிர்ந்திருந்தவர்களில் 35. ஆகவே "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சிருந்தா சுகப்பிரசவம் ஆகியிருக்கும்" என்று யாரையும் குத்திக்காட்ட இதில் ஆதாரம் இல்லை.

பிரசவ அறையில் செய்யக்கூடியதும் உண்டு. பிடரி பின்னால் நின்றுவிட்டால், அனுபவமுள்ள டாக்டரோ மருத்துவச்சியோ உள்ளே கைவிட்டுத் தலையைத் திருப்ப முயலலாம். விரலால் தொட்டு நிலையைச் சொல்வதில் தவறு நிறைய வருவதால் ஸ்கேன் வைத்து உறுதிசெய்வது நல்லது. கூடவே ஒரு துணை. ஆரம்பம் முதல் யாராவது பக்கத்தில் இருந்து தைரியம் சொன்னால் தானாகப் பிறப்பது கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று பல ஆய்வுகள் சேர்ந்து சொல்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்குத் திட்டமே இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஃபைலில் என்ன எழுத வேண்டும்?

"சிபிடி" என்ற மூன்றெழுத்து மூன்று வேறு நிலைமைகளை மூடிவிடுகிறது. இடுப்பு நிஜமாகவே குறுகல். இடுப்பு சரி, தலை சரியாகக் குனியவில்லை, திரும்பவில்லை. இரண்டும் சரி, வலி போதவில்லை, நேரம் தரவில்லை. முதலாவது அடுத்த பிரசவத்திலும் இருக்கும். மற்ற இரண்டும் அந்தக் குழந்தையோடு, அந்த நாளோடு முடிந்த விஷயம். சிபிடி என்று சொல்லி முதல் சிசேரியன் ஆனவர்கள் அடுத்த தடவை முயன்றபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுகப்பிரசவமே ஆகியிருக்கிறது. சில சமயம் முதல் குழந்தையைவிட எடை கூடிய குழந்தை!

அதற்காக எல்லோரும் முயன்றே ஆகவேண்டும் என்றில்லை. தையல் போட்ட கர்ப்பப்பை, எந்த மாதிரி வெட்டு, உடனே ஆபரேஷன் செய்யும் வசதி இதெல்லாம் பார்க்கவேண்டும். வேண்டாம், மறுபடி ஆபரேஷனே போதும் என்று ஒரு பெண் சொன்னால் அதுவும் நியாயமான முடிவுதான். ஆனால் முடிவெடுக்க விவரம் வேண்டுமே. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டு எழுதி வாங்கவேண்டியவை: ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது, அப்படியே எத்தனை மணி நேரம் நின்றது, தலை எந்த மட்டத்தில் இருந்தது, பிடரி எந்தப் பக்கம், குழந்தையின் நாடித்துடிப்பு எப்படி இருந்தது, கர்ப்பப்பையில் வெட்டு எப்படி. ஐந்தாறு வரி போதும். இரண்டு மூணு வருஷம் கழித்து வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் முன்னால் உட்காரும்போது, "எனக்கு இடுப்பு சின்னதாம்" என்பதற்குப் பதிலாக அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டலாம்.